நாளுக்கு இருமுறை மூழ்கும் காடு

கொல்லையில் மூன்று நாள் மழைநீர் தேங்கினால் பப்பாளி பட்டுப்போகும். முருங்கை இன்னும் சில நாள் தாக்குப்பிடித்து, பிறகு வேர் அழுகிச் சாயும். பெருமழைக்குப் பின் மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துத் தோட்டங்களில் இது வழக்கமான இழப்பு. அந்த மீஞ்சூரிலிருந்தே புறநகர் ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள், அத்திப்பட்டு புதுநகரைத் தாண்டி எண்ணூரை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்க்கிறார்கள். காலை ரயிலில் அடிமரம் வரை உப்புநீரில் நின்ற மரங்கள், மாலை ரயிலில் கரிய சேற்றில் நிற்கின்றன. மறுநாள் மீண்டும் நீரில். ஆண்டு முழுவதும் இப்படித்தான். இலை மட்டும் பச்சை மாறுவதில்லை.

மூன்று நாள் நன்னீரில் ஒரு மரம் சாகிறது, வாழ்நாள் முழுவதும் உப்புநீரில் மூழ்கி எழும் இன்னொரு மரம் செழிக்கிறது என்றால், இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அந்த மரங்களை நம்பி வாழும் நண்டும் மீனும் பறவையும் நாளுக்கு இருமுறை தரை நீராகவும் நீர் தரையாகவும் மாறுவதை எப்படிச் சமாளிக்கின்றன?

ஆறு கடலாகும் இடம்

கொசஸ்தலை ஆறு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்தும் ராணிப்பேட்டைப் பகுதியிலிருந்தும் நீர் சேர்த்துக்கொண்டு, பூண்டி நீர்த்தேக்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. மீஞ்சூரை அடுத்த வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே அது ஆறாக இருப்பதை விட்டு உப்பங்கழியாகிறது. வடக்கே பழவேற்காடு ஏரியிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயும் இங்கே சேருகிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் இவை எல்லாம் கடலைத் தொடுகின்றன. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் துறைமுகச் சாலைகளும் சூழ்ந்த இந்த இடத்தில் காடு இருக்கிறது என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கும்.

கடல்மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழ்வதை ஓதம் என்பார்கள். மீனவர் பேச்சில் ஏற்றம், வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்றம் வரும் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அப்போதும் சென்னைக் கரையில் உயர்வுக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி ஒரு மீட்டர் அளவுதான். வங்கத்தின் சுந்தரவனத்தில் அது பல மீட்டர். எண்ணூர்க் காடு கழியின் ஓரங்களில் குறுகிய பட்டையாக மட்டும் இருப்பதற்கு இது ஒரு காரணம்: நனைந்து காயும் நிலம் இங்கே அவ்வளவுதான்.

இத்தகைய காட்டுக்கு அலையாத்திக் காடு என்று பெயர். பிச்சாவரம், முத்துப்பேட்டை காடுகளும் இந்த வகையே. எண்ணூரில் பெரும்பாலும் இருப்பது வெண்கண்டல் என்ற ஒரே மரம். சீமைக்கருவேலத்தின் நடுவே தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. கிட்டே போனால் இலையின் அடிப்பக்கம் வெளிறிச் சாம்பல் பூத்திருக்கும். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் உயரத்துக்குக் குச்சிகள் ஆயிரக்கணக்கில் நட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் குச்சிகளில்தான் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது.

மரத்தைக் கொல்வது நீரா?

பப்பாளியைக் கொன்றது நீர் என்று சொல்வது பாதி உண்மை. வேருக்கும் மூச்சு உண்டு. மண்துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருக்கிறது. வேர் அதிலிருந்து ஆக்சிஜனை எடுக்கிறது. மழைநீர் தேங்கும்போது அந்த இடைவெளிகளை நீர் நிரப்பிவிடுகிறது. நீரின் வழியே ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைப் போல் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. மரம் தாகத்தால் சாகவில்லை, நீர் குடித்தும் சாகவில்லை. வேர் மூச்சுத் திணறிச் சாகிறது.

கழிச்சேற்றில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஆக்சிஜன் தீர்ந்த பிறகு, கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. அவற்றின் கழிவு ஹைட்ரஜன் சல்பைடு வாயு. சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை வாடையும், சேற்றின் கருநிறமும் இதனால் வருபவை. எண்ணூர்க் கழியில் வாடை வந்தால் எல்லாமே தொழிற்சாலைக் கழிவு என்று நினைத்துவிட வேண்டாம்; ஒரு பங்கு இயற்கையானது. அந்த வாயு வேருக்கு நஞ்சு. ஆக, கண்டல் மரம் காற்றில்லாத, நஞ்சுள்ள சேற்றில் வேர்விட்டு நிற்கிறது.

ஒரு கண்டலின் பன்னிரண்டு மணி நேரம்

கண்டலின் முதன்மை வேர்கள் ஆழமாகப் போவதில்லை. சேற்றின் மேலடுக்கில் பக்கவாட்டில் நீண்டு ஓடுகின்றன. அவற்றிலிருந்து நேர் மேல்நோக்கிக் கிளைத்து வெளியே எட்டிப்பார்ப்பவையே அந்தக் குச்சிகள். இவை மூச்சுவேர்கள். மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு மரத்துக்கே பத்தாயிரத்துக்கு மேல் மூச்சுவேர்கள் இருக்கலாம். ஒவ்வொன்றின் தோலிலும் பட்டைத்துளைகள் உண்டு. அவை காற்றை விடும். நீரை ஒட்டவிடாத தன்மை இருப்பதால் மூழ்கும்போது நீர் உள்ளே புகாது. மூச்சுவேரை ஒடித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு போல் இருக்கும். அந்தக் காற்றிடைத் திசு, மேலே நுழைந்த காற்றைச் சேற்றுக்குள் இருக்கும் வேரின் நுனிவரை கொண்டுசெல்லும் இடைவெளிகளால் ஆனது.

இனி ஒரு சுற்று ஓதத்தைத் தொடரலாம். வற்றத்தில் மூச்சுவேர்கள் வெளியே நிற்கின்றன. பட்டைத்துளைகள் வழியே காற்று நுழைகிறது. வேருக்குள் ஆக்சிஜன் நிறைவாக இருக்கிறது. பிறகு ஏற்றம் வருகிறது. நீர் மூச்சுவேர்களை மூடிய கணத்திலிருந்து வெளிக்காற்று நின்றுபோகிறது. வேர் உள்ளிருப்பைச் செலவழிக்கத் தொடங்குகிறது. ஆக்சிஜன் குறைகிறது, அதற்கு ஈடாக வெளியாகும் கரியமில வாயு நீரில் எளிதில் கரையக்கூடியது என்பதால், அதில் பெரும்பகுதி காற்றறைகளில் தங்குவதில்லை. எனவே வேருக்குள் இருக்கும் வாயுவின் அளவே சுருங்குகிறது. அழுத்தம் வெளியில் உள்ளதைவிடக் குறைகிறது. சில மணி நேரத்தில் நீர் வடிந்து மூச்சுவேரின் நுனி வெளியே வந்ததும், அந்த அழுத்தக் குறைவே புதுக்காற்றை உள்ளே இழுக்கிறது. நுரையீரலும் இல்லை, தசையும் இல்லை. கடல் ஏறி இறங்குவதே மரத்தின் மூச்சாகிவிடுகிறது.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. உயிரியலாளர் பெர் ஷொலாண்டரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1955இல் வெளியிட்ட ஆய்வில் அலையாத்தி மரங்களின் வேருக்குள் இருந்த வாயுவை எடுத்து அளந்தார்கள். அவற்றுள் ஒன்று, பிச்சாவரத்தில் சுரபுன்னை எனப்படும் மரத்தின் இனம்; அதற்குத் தரைக்கு மேலே வளைந்து ஊன்றிய தாங்குவேர்கள் உண்டு. காற்றே இல்லாத சேற்றில் புதைந்திருந்தும் அதன் வேருக்குள் ஆக்சிஜன் 15 முதல் 18 விழுக்காடு இருந்தது. வெளிக்காற்றில் இருப்பது 21 விழுக்காடு. அடுத்து, மேலே உள்ள பட்டைத்துளைகளைப் பிசின் போன்ற கொழுப்புப் பொருளைத் தடவி அடைத்தார்கள். இரண்டு நாளில் ஆக்சிஜன் 2 விழுக்காட்டுக்கும் கீழே போனது. மரத்தை வெட்டவில்லை, வேரைத் தொடவில்லை. துளையை அடைத்தது ஒன்றுதான் அவர்கள் செய்தது. இந்தச் சோதனையை வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. கண்டல் நீரைத் தாங்கும் மரம் என்பது போதாது. வந்து போகும் நீரைத் தாங்கும் மரம் என்பதே சரி. நீர் வந்து போகாமல் நின்றுவிட்டால், பப்பாளிக்கு மூன்று நாளில் நடப்பது கண்டலுக்குச் சற்றுத் தாமதமாக நடக்கும்.

உப்பை வேரிலேயே நிறுத்துவது

மூச்சுக்கு வழி கிடைத்தாலும் உப்பு இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் உப்பைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் ஏறிவருவது 1960களின் இறுதியிலேயே இங்கே கண்டறியப்பட்டது. நெல்லை வாட்டும் அந்தக் கிணற்றுநீர் கண்டலுக்கு ஏறக்குறைய நன்னீர்தான்.

இந்த வட்டாரத்திலேயே இதற்கு ஓர் இணை உண்டு. காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு கட்டப்பட்டது. அங்கே நடப்பது, கடல்நீரைப் பெரும் அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் மீது தள்ளுவது. நீர் கடந்துவிடும், உப்பு நின்றுவிடும். வீட்டு ஆர்ஓ கருவியும் இதையே சிறிய அளவில் செய்கிறது. கண்டலின் வேரிலும் அத்தகைய சவ்வு இருக்கிறது. கடல்நீர் உப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதைத் தாண்டுவதில்லை. வேறுபாடு விசை வரும் திசையில். ஆலையில் பம்பு பின்னாலிருந்து தள்ளுகிறது. மரத்தில் இலை முன்னாலிருந்து இழுக்கிறது. வெயிலில் இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, தண்டின் நுண்குழாய்களில் உள்ள நீர் கீழிருந்து மேலாக இழுபடுகிறது. கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்கக் குறைந்தது 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். 1960களில் ஷொலாண்டர் குழுவினர் அலையாத்தி மரக் கிளைகளில் அளந்த இழுவிசை 30 முதல் 60 வளிமண்டலம். மின்கட்டணம் கிடையாது.

தப்பி உள்ளே நுழையும் சிறு பங்கு உப்பைக் கண்டல் இலைகள் வெளியேற்றுகின்றன. அதற்கென்றே நுண்ணிய உப்புச் சுரப்பிகள் அவற்றில் உண்டு. வெயில் நாளில் இலையின் மேல் உப்புப் படிகம் கண்ணுக்கே தெரியும். கால்நடைகளுக்கு இந்தக் கரிப்பு பிடிக்கும். குஜராத்தின் கச்சுப் பகுதியில் காராய் என்ற ஒட்டக இனம், கண்டல் இலை மேய்வதற்காகக் கடலில் நீந்தியே போகிறது.

மரத்திலேயே முளைத்த விதை

நாளுக்கு இருமுறை நீர் அடித்துச் செல்லும் இடத்தில் சாதாரண விதை விழுந்து, ஊறி, முளைத்து, வேர்விட அவகாசம் இல்லை. கண்டல் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு, விதையைத் தாய்மரத்திலேயே முளைக்கவிடுவது. பட்டாணி உருவத்தில் சற்றுப் பெரிய அந்தக் காய்க்குள் இளங்கன்று முன்பே உருவாகியிருக்கும். விழுந்து நீரில் மிதக்கும்போது தோல் கழன்றுவிடும். ஒதுங்கிய சேற்றில் சில நாளிலேயே வேர் இறங்கும். சுரபுன்னையில் இது இன்னும் வெளிப்படை: முருங்கைக்காய் போல நீண்ட முளை மரத்திலேயே தொங்கும்.

தமிழகக் கரையில் கண்டல் விதைகள் முதிர்ந்து விழுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. அப்போது கொசஸ்தலையில் ஆற்றுவெள்ளம் இறங்கி வந்து கழியின் உப்பைத் தணிக்கிறது. முற்றிய மரம் உப்பைத் தாங்கும். பிஞ்சுக் கன்றுக்குத் தொடக்கத்தில் சற்று இனிய நீர் வேண்டும். நாள்தோறும் கடலிலிருந்து ஒரு வெள்ளம், ஆண்டுக்கொரு முறை மலைப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளம் என இரண்டும் சேர்ந்தே இந்தக் காட்டை வளர்க்கின்றன.

வற்றத்தில் படகிலிருந்து

காட்டுக்குள் நடந்து போவது இயலாது. சேறு முழங்காலை விழுங்கும், மூச்சுவேர் பாதத்தைக் குத்தும். பார்ப்பதற்கு வழி படகுதான். எந்த நேரத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்து இரு வேறு காடுகள் தெரியும்.

நீர் வடிந்த நேரத்தில் கரைச் சேறு முழுவதும் சிறு துளைகள். படகின் அதிர்வு அடங்கிய சில நிமிடத்தில் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நண்டு வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெரியது. அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண்ணை அழைப்பதால் கையாட்டி நண்டு என்று சொல்லலாம். பெரிய கொடுக்கு உண்ண உதவாது. சின்னக் கொடுக்கால் சேற்றை வழித்து வாயில் இட்டு, அதில் படிந்த நுண்பாசியை எடுத்துக்கொண்டு மீதியை உருண்டையாகத் துப்பும். ஏற்றம் நெருங்கும்போது வளைக்குள் திரும்பிவிடும். கடலே தெரியாத ஆய்வகத் தொட்டியில் வைத்தாலும் இந்த நண்டுகள் பல நாள்வரை ஓதக் கணக்குப்படியே சுறுசுறுப்பாவதும் அடங்குவதும் காணப்பட்டிருக்கிறது. கடிகாரம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நண்டு வளைகளால் மரத்துக்கும் ஆதாயம்: அவை வழியே காற்றும் நீரும் சேற்றுக்குள் இறங்குகின்றன. விழுந்த இலைகளை வளைக்குள் இழுத்துச் சென்று தின்னும் வேறு நண்டுகள், இலைச்சத்தைக் கடல் கொண்டுபோகாமல் காட்டிலேயே தங்கவைக்கின்றன.

நண்டுகளுக்கு நடுவே விரல் நீள மீன் ஒன்று சேற்றில் தாவிப் போவதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. இது சேற்றுத்தாவி, உளுவை மீனின் உறவு. செவுள் அறையில் கொஞ்சம் நீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும். அதன் வளை சேற்றுக்குள் இறங்கி ஓர் அறையில் முடிகிறது. முட்டைகள் அந்த அறையின் கூரையில் ஒட்டியிருக்கும். ஆனால் சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாதே? தந்தை மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை எடுத்து, கீழே போய் அறைக்குள் விடுகிறது, மீண்டும் மீண்டும். மரம் மூச்சுவேரால் தீர்த்த அதே சிக்கலை மீன் வாயால் தீர்த்திருக்கிறது.

பறவைகளுக்கு வற்றம் சாப்பாட்டு நேரம். குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி சேற்றின் மேற்பரப்பில் கண்ணால் தேடுகிறது. நீண்ட அலகுள்ள உள்ளான்கள் சேற்றுக்குள் துழாவுகின்றன. கால் நீண்ட கொக்கும் மஞ்சள்மூக்கு நாரையும் ஆழமற்ற நீரில் நிற்கின்றன. ஒரே சேறு, ஆனால் அலகின் நீளத்துக்கு ஏற்ப வேறு வேறு ஆழத்தில் வேறு வேறு இரை. அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க விரும்புவோர் எண்ணூரில் நேரத்தைச் செலவிடுவதைவிடப் பழவேற்காட்டுக்குப் போவது மேல்.

ஏற்றத்தில் வருவோர்

நீர் ஏறியதும் நண்டும் சேற்றுத்தாவியும் மறைந்து, இடத்தை மீன்கள் எடுத்துக்கொள்கின்றன. சற்றுமுன் நண்டு வழித்த பாசியை இப்போது மடவைக் கூட்டம் மேய்கிறது. அதை விரட்டிக்கொண்டு கொடுவா வேர்களுக்கிடையே நுழைகிறது.

இவற்றுள் வெள்ளை இறாலின் பயணம் தனிக் கதை. அது முட்டையிடுவது கடலில். சில மில்லிமீட்டரே உள்ள குஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாதது. இருந்தும் முகத்துவாரத்தைக் கடந்து கழிக்குள் பல கிலோமீட்டர் வந்துவிடுகிறது. தந்திரம் எளியது. ஏற்றத்தில் நீரோட்டம் உள்நோக்கி ஓடும்போது குஞ்சு அடியிலிருந்து மேலே எழுகிறது. வற்றத்தில் வெளிநோக்கி ஓடும்போது அடித்தரையில் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு ஓதத்திலும் கொஞ்சம் முன்னேற்றம். வேர்களுக்கிடையே பெரிய மீன்கள் எளிதில் நுழையாத இடத்தில் சில மாதம் வளர்ந்து, பிறகு வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகிறது.

அந்தத் திரும்பும் வழியில்தான் மீனவர் வலை காத்திருக்கிறது. எண்ணூர், பழவேற்காடு ஊர்களில் பாடு என்ற முறை உண்டு: கழியின் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட சுழற்சி. இருளர் பெண்கள் வலையின்றி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி ஆழமற்ற கழியில் ஊர்ந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கிறார்கள். எந்த நாழிகையில் எந்தச் சேற்றில் இறால் படுக்கும் என்ற அவர்களின் அறிவு எந்தப் பாடநூலிலும் முழுதாக இல்லை.

அரை ஆண்டு மூழ்கும் காடு

நாளுக்கு இருமுறை ஒரு மீட்டர் என்பது ஒரு வகை வெள்ளம். அமேசான் படுகையின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஒரே முறை, ஆனால் சுமார் பத்து மீட்டர் உயர்கிறது. மூன்று மாடி உயரத்துக்கு மூழ்கிய மழைக்காட்டில் மரங்களின் உச்சிக் கிளைகளுக்கிடையே படகு போகும். அத்தனை உயரத்துக்கு மூச்சுவேரால் எட்ட முடியாது. அங்குள்ள மரங்கள் பல வளர்ச்சியை நிறுத்தி, இலை உதிர்த்து, வெள்ளம் வடியும்வரை ஒடுங்கிக் கிடக்கின்றன. குளிர்காலமே இல்லாத அந்த நாட்டு மரங்களிலும் ஆண்டு வளையங்கள் காணப்படுவதற்கு இந்த ஒடுக்கமே காரணம்.

விலங்குகளும் அதற்கேற்ப. பிரேசிலின் மமிராவா காப்புக்காட்டில் ஜாகுவார் சிறுத்தைகள் வெள்ளத்தின் மூன்று நான்கு மாதங்களை மரத்தின் மேலேயே கழிக்கின்றன. குட்டிகளையும் அங்கேயே வளர்க்கின்றன. இளஞ்சிவப்பு ஆற்று ஓங்கிலுக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. தலையைத் திருப்பி மரங்களுக்கிடையே வளைந்து நீந்த அது உதவுகிறது. மீன்கள் காட்டுக்குள் புகுந்து பழம் தின்னுகின்றன. தம்பாக்கி என்ற பெருமீன், கடைவாய்ப்பல் போன்ற பற்களால் ரப்பர் விதையை உடைக்கும். உடையாமல் விழுங்கிய மற்ற விதைகளைச் சில வேளை 5 கிலோமீட்டருக்கு அப்பாலும் கொண்டுபோய் விதைக்கிறது என்று 2011இல் வெளியான ஆய்வு கணித்தது. இந்தக் காட்டின் உறவு ஒன்று தமிழகச் சந்தைகளிலேயே இருக்கிறது. ரூப்சந்த் என்ற பெயரில் விற்கும் வளர்ப்பு மீன் அமேசானைச் சேர்ந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தால் பழமும் கொட்டையும் தின்னும் அந்தப் பற்களைக் காணலாம்.

இந்தியாவின் தென்கோடியிலும் நன்னீரில் நிற்கும் மழைக்காடு சிறு துண்டுகளாக உண்டு. செங்கோட்டைக்கு மேற்கே மலை கடந்தால், கேரளத்தின் குளத்துப்புழை, செந்துருணிப் பகுதிகளில் காட்டுச் சாதிக்காய் மரங்கள் சதுப்பில் முழங்கால் போல் மடங்கிய வேர்களை வெளியே நீட்டி நிற்கின்றன. அங்கே உப்பு இல்லை. சிக்கல் மூச்சு மட்டும். விடையும் ஏறக்குறைய கண்டலின் விடையே.

பிச்சாவரத்தில் வெட்டிய வாய்க்கால்

நீர் வந்து போவது நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பிச்சாவரம் சான்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள இந்தக் காட்டில், ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டும் முறை இருந்தது. வெட்டினால் தானே மீண்டும் முளைக்கும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து அமுங்கி, நடுவில் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது; வெயிலில் ஆவியானது; உப்பு மட்டும் ஆண்டுக்காண்டு ஏறியது. கண்டலும் தாங்காத உப்பு அது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து செய்தது கன்று நடுவதில் தொடங்கவில்லை. வாய்க்கால் வெட்டுவதில் தொடங்கியது. கழியிலிருந்து ஒரு தலைவாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் மீன்முள் போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் மீண்டும் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் மண்ணின் உப்பு குறைந்தது. அதன் பிறகே கண்டல் நட்டார்கள், பிடித்துக்கொண்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

சாம்பல், எண்ணெய், காக்கா ஆழி

எண்ணூரில் ஓதத்தை நம்பிய வாழ்வு மூன்று விதமாக அடைபடுகிறது. முதலாவது சாம்பல். அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குளத்துக்குக் கழியைக் கடந்து போகும் குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்ததில், கொசஸ்தலையின் படுகையில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. சாம்பல் மேடான இடத்தில் ஏற்றம் ஏறாது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

இரண்டாவது எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலைக்கு வந்தது. எண்ணெய் நீரின் மேல் மிதப்பது. வற்றம் வரும்போது நீரோடு இறங்கி, வழியில் உள்ள ஒவ்வொரு மூச்சுவேரிலும் பூசிக்கொண்டே போகும். ஷொலாண்டர் குழுவினர் சோதனைக்காகச் சில வேர்களில் தடவி அடைத்ததை, இங்கே ஓதமே கழி முழுவதும் செய்துவிட்டது. இலையில் படிந்த எண்ணெய் கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும். மரத்துக்குப் பெரிய கேடு அதுவன்று, பட்டைத்துளையில் படிந்ததுதான். அதனால் தூய்மைப்பணியில் நீர்ப்பரப்பிலிருந்து எண்ணெயை அள்ளுவது பாதி வேலைதான்.

மூன்றாவது உயிருள்ளது. மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் கரிய சிப்பி தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. இன்று எண்ணூர், பழவேற்காடு கழிகளின் அடித்தரையில் கம்பளமாகப் பரவியிருக்கிறது. சேற்றை அது மூடிவிட்டால் இறால் புதையவும் மஞ்ச மட்டி வாழவும் இடமில்லை. கையால் தடவிப் பிடிப்போரின் விரல்களையும் அது கிழிக்கிறது.

காடு வளர்ப்பு என்றால் கன்று நடும் விழா என்று ஆகிவிட்ட நாட்களில், பிச்சாவரத்தின் பாடம் எண்ணூருக்கும் பொருந்தும். எத்தனை கன்று என்பதைக் கேட்பதற்கு முன் அந்த இடத்தின் மட்டத்தைக் கேட்க வேண்டும். ஏற்றத்தில் நனையாத சாம்பல் மேட்டிலும், வற்றத்தில் வெளித்தெரியாத பள்ளத்திலும் நடும் கண்டல் பிழைக்காது.